குடி, லாட்டரி, ரம்மி: மருந்துக்கடைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு, ஒரு வகை ஆட்கள் வருவார்கள். தலைவலி மாத்திரை ஒன்று கேட்பார்கள், காசைக் கொடுப்பார்கள், ஆனால் போகமாட்டார்கள். பக்கத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு "அண்ணே, ஒரு காரியம் கேக்கணும்" என்பார்கள். பெரும்பாலும் மனைவிமார், அம்மாமார். இப்போது சில வருடமாகப் பையன்களும் வருகிறார்கள், போனில் பணத்தை விட்டவர்கள்.

ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். மூளை ஆராய்ச்சி பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தும், பழக்கமான மனநல மருத்துவர்களிடம் கேட்டும் பதில் சேர்த்தேன். நான் டாக்டர் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

"அண்ணே, இது நோயா இல்ல கொழுப்பா?"

முதலில் ஒரு கணக்கு. எய்ம்ஸ் நடத்திய ஆய்வின்படி (2019இல் வெளியானது) நாட்டில் குடிக்கிறவர்கள் சுமார் 16 கோடி. அதில் குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 5.7 கோடி. அதாவது குடிக்கிற மூன்று பேரில் ஒருவர் மாட்டிக்கொள்கிறார், இருவர் மாட்டிக்கொள்வதில்லை. மாட்டாத அந்த இரண்டு பேரைக் காட்டித்தான் "அவனால முடியுது, உனக்கு மட்டும் என்ன?" என்று வீட்டில் சண்டை நடக்கிறது.

மாட்டிக்கொண்டதற்கு அடையாளங்கள் உண்டு. முன்பு போதும் என்றிருந்த அளவு இப்போது போதாது. காலையில் கை நடுங்கும், ஒரு மடக்கு உள்ளே போனால் நிற்கும். நிறுத்த வேண்டும் என்று தானே நாள் குறிப்பார், நடக்காது. வேலை போனாலும் மரியாதை போனாலும் தொடரும். இவை இருந்தால் மருத்துவம் அதை நோய் என்றுதான் சொல்கிறது. கொழுப்பா என்ற பாதிக்குப் பதில் கடைசிப் பக்கம் வருகிறது, அது லேசான கேள்வி இல்லை.

"பிடிக்கவே இல்லைன்னு சொல்லி அழறாவ. பின்ன எதுக்குக் குடிக்காவ? பொய்தானே?"

பொய் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ருசித்தால் எலி உதட்டை நக்கும், கைக்குழந்தை செய்கிற மாதிரியே. டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் கிட்டத்தட்ட இல்லாமல் போன எலிகளும் அதேபோல நக்கின. ருசி தெரிகிறது, பிடிக்கவும் செய்கிறது. ஆனால் தீனியைப் பக்கத்திலேயே வைத்தாலும் அவை எழுந்து போய்த் தின்னவில்லை, ஊட்டாவிட்டால் பட்டினிதான். ருசிப்பது ஒரு வேலை, வேண்டும் என்று எழுந்து போக வைப்பது வேறொரு வேலை என்று அதிலிருந்து தெரிந்தது. 1993இல் அவரும் டெரி ராபின்சனும் சொன்ன கருத்து இது: போதைப்பொருள் வருடக்கணக்கில் உள்ளே போகப் போக, 'வேண்டும்' என்கிற பகுதி கூர்மையாகிக்கொண்டே போகிறது, 'பிடிக்கிறது' என்கிற பகுதி கூடுவதில்லை, குறையவும் செய்யலாம்.

பழைய குடிகாரர் ஒருவர் குவார்ட்டரைத் திறக்கும்போது கவனித்துப் பாருங்கள். முகத்தைச் சுளித்து, மூச்சைப் பிடித்து, கஷாயம் மாதிரி ஒரே மடக்கில் விடுவார். ருசித்துக் குடிக்கிறவர் எதற்கு மூச்சைப் பிடிக்கிறார்? பிடிக்காமலேயே வேண்டியிருக்கிறது அவருக்கு.

"டோபமைன்னா சந்தோஷம், அது கூடுனா போதைன்னு யூடியூப்ல சொல்லுதான். சரியா?"

பாதிதான் சரி. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் கம்பி செருகி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் லேசாக மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி மணிக்கணக்கில் விடாமல் அழுத்தியது. அப்போது அதற்கு 'இன்ப மையம்' என்று பெயர் வந்தது, அந்தப் பெயர்தான் இன்றும் யூடியூபில் ஓடுகிறது.

பிறகு வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. குரங்கின் வாயில் எதிர்பாராமல் பழச்சாறு விழுந்தால் டோபமைன் செல்கள் துடிக்கும். சாறுக்கு முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கிவிட்டால், துடிப்பு சாறிலிருந்து விளக்குக்கு மாறிவிடும். சாறு வரும்போது ஒன்றும் இருக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். எங்கள் வீட்டுப் பூனையும் இந்த ஜாதிதான்: மீன்காரரின் ஹாரன் வளைவில் கேட்டதும் எழுந்துவிடும், அவர் நிற்காமல் போனால் அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். ஆக டோபமைன் சந்தோஷத்தை அளப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை. மது அந்தக் கணக்குப்பிள்ளையை ஏமாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் ரசாயனத்தைக் கொண்டே டோபமைனைக் கூட்டி, 'எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது' என்று எழுத வைக்கிறது.

"குடிச்சா ஒரு பொருள் உள்ள போகுது. ரம்மியில என்ன போகுது? அதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்வியை ஒரு பையன் கேட்டான். அண்ணன் சவுதியிலிருந்து வீடு கட்ட அனுப்பிய பணம் போனில் கரைந்திருந்தது. நல்ல கேள்வி, மருத்துவ உலகமே இதில் ரொம்ப நாள் தயங்கியது. 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது.

மேலே சொன்ன குரங்கை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் ஷுல்ட்ஸின் குழு சாறு வரும் வாய்ப்பை மாற்றி மாற்றிப் பார்த்தது. நிச்சயம் வரும் அல்லது நிச்சயம் வராது என்றால், விளக்குக்கும் சாறுக்கும் நடுவிலுள்ள நேரத்தில் செல்கள் சும்மா இருந்தன. வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்கிற நிலையில்தான் அந்தக் காத்திருப்பு முழுக்க டோபமைன் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. சீட்டைத் திருப்புவதற்கு முந்தைய நொடி இருக்கிறதே, அதுதான் சரக்கு. உள்ளே வேறெதுவும் போக வேண்டியதில்லை.

என் தொழிலிலிருந்து ஒரு சாட்சி: பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்துக்கு, டோபமைன் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆயுசில் சீட்டைத் தொடாத சில பெரியவர்கள் அந்த மாத்திரை தொடங்கிய பிறகு பைத்தியமாகச் சூதாடினார்கள், குறைத்ததும் நின்றது. 2005 வாக்கில் இது மருத்துவ இதழ்களில் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்த மருந்து ஓடுகிறது, திடீரென்று பணம் கரைகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"ஒரே ஒரு நம்பர்ல போச்சுண்ணே. அடுத்த தடவ அடிக்கும்லா?"

தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. நமக்கென்ன, களியக்காவிளை தாண்டினால் கேரளம்; அங்கே 1967 முதல் அரசே லாட்டரித் துறை வைத்திருக்கிறது. பஸ்ஸில் ஏறி இறங்கினால் டிக்கெட்.

கேரள லாட்டரியில் சின்னப் பரிசுகள் கடைசி நாலு எண்ணுக்கு. கையில் 4728, விழுந்தது 4729. 'தொட்டுட்டு போயிட்டு' என்று தோன்றும். கணக்குப்படி 4729க்கு 4728 எவ்வளவு தூரமோ, 0013உம் அவ்வளவு தூரம்தான். ஆனால் மூளை அப்படிப் பார்ப்பதில்லை. 2009இல் லூக் கிளார்க் என்பவரின் குழு, காசு போட்டுச் சுழற்றும் ஆட்டத்தை ஸ்கேன் கருவிக்குள் ஆடவைத்துப் பார்த்தது. மயிரிழையில் தவறியபோது ஆடியவர்கள் எரிச்சல்பட்டார்கள், ஆனாலும் இன்னொரு ஆட்டம் ஆடும் ஆசை கூடியது. ஜெயித்தால் விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதி அப்போதும் விழித்தது. தோல்வியை வெற்றியின் கணக்கில் எழுதிவிடுகிறது. மேலே சொன்ன கணக்குப்பிள்ளையின் இன்னொரு குளறுபடி.

"கடல்ல ரெண்டு மாசம் இருந்தா நெனப்பே வராது. கரை தெரிஞ்ச உடனே நாக்கு இழுக்குது. இது என்ன மாயம்?"

இதைக் கேட்டவர் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளி. கேட்கும்போதே பதிலையும் கொண்டுவந்துவிட்டார். விளக்கு எரிந்தால் குரங்குக்கு என்ன ஆனதோ அதுதான் அவருக்கும். படகில் விளக்கே கிடையாது. கடை இல்லை, கூட்டாளி வைக்கும் மேசை இல்லை, பங்குப் பணம் கைக்கு வரும் நாளும் இல்லை. தேங்காப்பட்டணத்தில் படகு அணையும்போது அத்தனை விளக்கும் ஒன்றாக எரிகின்றன.

இதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் வியட்நாம் போர். அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊருக்குத் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடித்தேடி விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். போதை ஏறிய இடம் வேறு, வாழ வந்த இடம் வேறு. நம்மாள் கதை அப்படியே தலைகீழ்: அவர் போதையின் இடத்துக்குத்தான் திரும்பி வருகிறார்.

ஒரு எச்சரிக்கை. தினமும் காலையிலேயே தொடங்குகிறவர் திடீரென்று கடலுக்குப் போனால் நினைப்பு வராமல் இருப்பது வேறு, வலிப்பு வருவது வேறு. அதற்கு இரண்டு கேள்வி தள்ளிப் பாருங்கள்.

"மாலை போட்டா 41 நாளு தொடமாட்டாவ. 42ஆம் நாள் பழையபடி. அப்ப முடியும்லா? நடிக்காவளா?"

முடிகிறது, நடிக்கவும் இல்லை. மாலை போட்டவருக்கு உடுப்பு வேறு, படுக்கை வேறு, எழும் நேரம் வேறு. எதிரே வருகிறவன் எல்லாம் 'சாமி' என்கிறான்; நேற்று வரை கூடக் குடித்தவனும் சாமி என்கிறான். விளக்குகளில் முக்கால்வாசியை ஊரே சேர்ந்து அணைத்து வைக்கிறது. தேவாலயத் தியானத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதேதான். சிகிச்சையில் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தால் உடனே ஒரு பரிசுச் சீட்டு கொடுப்பது. 1990களில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கேன் பழக்கக்காரர்களிடம் அதைச் செய்து நல்ல பலன் கண்டார். உடனுக்குடன், கண்ணெதிரே, நிச்சயமாக ஏதாவது கிடைத்தால் மூளை அந்தப் பக்கமும் சாயும்.

மாலையைக் கழற்றிய மறுநாள் எல்லா விளக்கும் திரும்ப எரிகிறது, கையில் வேறு ஏற்பாடு ஒன்றும் இல்லை. குறை விரதத்தில் இல்லை, 42ஆம் நாளுக்கு யாரும் திட்டம் போடாததில்தான். அந்த 41 நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

"நிறுத்தி மூணாம் நாளு, சுவருல பூச்சி ஊருது, யாரோ கூப்பிடுதான்னு கத்துனாவ. மந்திரிச்சுக் கட்டலாமா?"

கட்டவேண்டாம், வண்டி பிடியுங்கள். இரவானாலும் சரி.

மூளையில் அடக்கி வைக்கும் ரசாயனம் ஒன்று உண்டு, பெயர் காபா. கிளப்பிவிடுவது குளுட்டமேட். மது காபாவுக்குத் துணைநின்று அடக்குகிறது. வருடக்கணக்கில் இப்படி வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவர் முழு பலத்தோடு எதிர்த்துத் தள்ளப் பழகிவிடுவார். வெளியே இருப்பவர் திடீரென்று கையை எடுத்தால்? உள்ளே இருப்பவர் கதவோடு தெருவில் வந்து விழுவார். கை நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். பூச்சி, குரல், ஆள் அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள். இந்தக் கடைசி நிலை சிகிச்சை இல்லாவிட்டால் உயிரை எடுக்கும். ஹெராயினை நிறுத்துகிறவர் படும் பாடு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் திடீரென்று நிறுத்தி உயிருக்கு ஆபத்தாவது அதைவிட மதுவில்தான் அதிகம்.

ஆஸ்பத்திரியில் காபாவுக்குத் துணைநிற்கும் வேறு மருந்தைக் கொடுத்து அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தையமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். குடிக்கிறவருக்கு அது வற்றியிருக்கும், அதை விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். வீட்டில் வைத்து நிறுத்தி, நடுங்கி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்தி என்று ஆடினால் ஒவ்வொரு முறையும் பின்விளைவு முந்தியதைவிடக் கடுமையாகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது. 108க்குக் கூப்பிடுங்கள்.

"மீன்கறில தெரியாம கலந்து குடுக்கக்கூடிய மாத்திரை ஒண்ணு உண்டுன்னு சொல்லுதாவ. தருவியளா?"

தரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இதில் நான் குற்றவாளி.

அந்த மாத்திரை டைசல்ஃபிரம். நம் ஜில்லாவுக்கு அது அந்நியமானதில்லை, ரப்பர் குடும்பத்தைச் சேர்ந்தது. ரப்பரை உறுதிப்படுத்தப் போடும் இந்த வகை ரசாயனத்தைத் தயாரித்த தொழிற்சாலையில், தொழிலாளிகள் குடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937இலேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதினார். 1940களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் இதை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது குடித்தபோது பாடாய்ப்பட்டார்கள். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாக்கி, பிறகு அதையும் முறிக்கும். மாத்திரை இரண்டாவது வேலையைத் தடுத்துவிடுகிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி, ரத்த அழுத்தம் இறக்கம். இதய நோய் இருந்தால் ஆளே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இது வேலை செய்யும்.

அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் இது நல்ல வேலி. தெரியாமல் கொடுத்தால் கண்ணி. இருபது வருடம் முன்பு, வேறொரு கடையில் வேலை பார்த்தபோது, அழுதுகொண்டு வந்த ஓர் அம்மாவுக்குச் சீட்டில்லாமல் நானே ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் மகனை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டான். அம்மா வைத்த சாப்பாட்டை மட்டும் அதன் பிறகு அவன் தொடவே இல்லை.

"பின்ன நல்ல மாத்திரையே கிடையாதா?"

உண்டு. நால்ட்ரெக்சோன் (மதுவுக்கென்று அமெரிக்காவில் 1994இல் அனுமதி) குடித்தால் வரும் கிறக்கத்தை மங்கவைக்கும். அகாம்ப்ரோசேட் (2004), மேலே சொன்ன கதவுத் தள்ளுமுள்ளு அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் அமைதியின்மையைக் குறைக்கும். இரண்டும் எல்லாருக்கும் பலிக்காது. பலிக்கிறவருக்கு நன்றாகவே உதவும். கல்லீரல், சிறுநீரகம் பார்த்துத்தான் டாக்டர் எழுதுவார். எனக்கு வருத்தம் என்னவென்றால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினம் நூறு சீட்டு வரும் கடையில் இவற்றுக்கு மாதத்துக்கு விரல்விட்டு எண்ணலாம்.

சர்க்கரைக்கும் எடை குறையவும் போடும் செமாக்ளுடைட் ஊசி குடி ஆசையையும் குறைக்கிறதா என்று இப்போது பார்க்கிறார்கள். 2025இல் 48 பேரிடம் செய்த சின்ன சோதனையில் நம்பிக்கை தெரிந்தது. அதற்காக ஊசி கேட்டு வராதீர்கள்.

"பீர் மட்டுந்தானே அடிக்கேன், அது சாராயமா?"

650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் உள்ளே சுத்த மது 32 மில்லிக்கு மேல். 60 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம் என்றால் 26 மில்லிக்குக் குறைவு. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் இரண்டு லார்ஜ் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"அவருக்க அப்பாவும் குடி. இனி எனக்க மகனுக்கும் வருமா?"

வரவேண்டும் என்று விதி இல்லை, வாய்ப்பு கூடுதல். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குடிநோய்க்கான சாய்வில் ஏறத்தாழ பாதி பரம்பரை, மீதி வளர்ப்பும் சூழலும். 1984இல் ஹென்றி பெக்லைட்டர், அதுவரை குடித்தே பார்க்காத சின்னப் பையன்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார். குடிநோயாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அலை தாழ்ந்திருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலும் இந்த அலையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் நான் அம்மாக்களிடம் சொல்வது வேறொன்று. கல்யாண வீட்டில் பையன்கள் பந்தயம் கட்டுவார்கள் இல்லையா, "எனக்கு எவ்வளவு அடிச்சாலும் ஏறாது மக்கா" என்று. கூட்டாளிகள் அவனைத் தூக்கி வைத்து ஆடுவார்கள். சான் டியாகோவில் மார்க் ஷுக்கிட் குடிநோயாளிகளின் மகன்களைப் பத்து வருடம் போலத் தொடர்ந்து பார்த்தார். இளவயதில் ஏறாமல் நின்றவர்கள்தான் பிறகு அதிகம் மாட்டிக்கொண்டார்கள். தலைசுற்றல் என்பது உடம்பு அடிக்கும் மணி. அவனுக்கு அந்த மணி அடிப்பதில்லை, அவ்வளவுதான். தாத்தா குடி, அப்பா குடி, தனக்கு ஏறுவதே இல்லை என்கிற பையன் இருந்தால் அவனைத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

"தலையை ஸ்கேன் எடுத்தா தெரியுமா? ஷாக் மாதிரி ஏதாவது வச்சுச் சரியாக்க முடியுமா?"

ஸ்கேனில் தெரிவது கூட்டத்தின் சராசரி. குடிநோயாளிகள் ஐம்பது பேரையும் மற்றவர்கள் ஐம்பது பேரையும் வைத்தால் வித்தியாசம் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் ஒருவரை மட்டும் எடுத்துச் சொல்ல முடியாது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது பாதி சுவாரசியமானது. பக்கவாதத்தால் மூளையின் இன்சுலா என்ற உள்மடிப்பு பழுதான சில புகைப்பிடிப்பவர்கள், ஒரு சிரமமும் இல்லாமல் சிகரெட்டை மறந்தே போனார்கள் என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. 2020இல் புகைப்பழக்கத்துக்கு மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. குடி, சூது விஷயத்தில் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

"ஒரு வருசம் தொடல. துட்டி வீட்டுல ஒரே ஒரு கிளாஸ், பழைய நிலைக்குப் போயாச்சு. ஒரு வருசமும் வீணா?"

இல்லை. நாள் போகப் போக ஆசை தேயும் என்று நாம் நினைக்கிறோம். எலிகளில் கொக்கேனை வைத்து 2001இல் பார்த்தபோது, நிறுத்திய முதல் சில நாளைவிட ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்த விளக்கைக் காட்டினால் எலி இன்னும் வெறியாகத் தேடியது. 'முதல் வாரம் தாண்டிட்டான், இனி பயமில்ல' என்பது அதனால்தான் சரியில்லை. துட்டி வீடு என்கிற சாவு வீட்டின் பின்புறம், அந்தப் பழைய முகங்கள், துக்கம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய விளக்கு.

அந்த ஒரு கிளாஸ் ரசாயனமாக மட்டும் வேலை செய்வதில்லை. 1973இல் ஆலன் மார்லட் குடிநோயாளிகளிடம் டானிக் தண்ணீரையும் வோட்கா கலந்த டானிக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். உள்ளே வோட்கா இருந்ததா என்பதைவிட, இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்களா என்பதைப் பொறுத்துத்தான் கூடுதலாகக் குடித்தார்கள். 'போச்சு, எல்லாம் போச்சு' என்ற நினைப்பே இரண்டாவது கிளாஸை ஊற்றுகிறது. மறுநாள் காலை வீட்டிலும் அதே வாக்கியத்தைச் சொன்னால் மூன்றாவதை நாம் ஊற்றிக் கொடுத்த மாதிரி.

"நிறுத்திட்டா மூளை பழையபடி ஆகுமா?"

நிறைய ஆகும். சுருங்கிய பகுதிகள் சில வாரத்திலேயே மீளத் தொடங்கும், மாதக்கணக்கில் தொடரும். தூக்கம் சரியாக நாளாகும். அந்த எரிச்சலைப் பார்த்து 'குடிச்சப்பமே நல்லா இருந்தாவ' என்று சொல்கிற வீடுகள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். தையமின் பற்றாக்குறையால் நினைவு போனது மட்டும் பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது.

"ரம்மிக் கடனை ஒருதடவை அடைச்சுக் குடுத்தா திருந்திருவானா?"

அடைக்கிற அன்று அழுவான், அந்த அழுகையும் நிஜம். ஆனால் விட்டதைப் பிடிக்கும் வெறி கடனோடு போகாது. கடன் தீர்ந்தால் புதுசாக விளையாட இடம் கிடைக்கிறது. பணத்தைக் கையில் கொடுக்காமல் கடன்காரரிடம் நேராகக் கட்டுங்கள். சம்பளக் கணக்கு, ஏடிஎம் கார்டு, போன் பேங்கிங் எல்லாம் கொஞ்ச காலம் வேறொருவர் கையில் இருக்கட்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. வேறு பெயரில், வேறு லிங்கில் வருவது உங்கள் பையனுக்கு முதலில் தெரியும். தற்கொலைப் பேச்சு வந்தால் தாமதிக்காமல் 14416 டெலி மனஸுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

"மூளை நோய்னு சொல்லிட்டா, என்னை அடிச்சது யாரு, அவருக்க மூளையா?"

முதல் கேள்வியில் பாக்கி வைத்த பாதி இதுதான். கேட்டவரின் புருவத்துக்கு மேல் தையல் இருந்தது.

1997இல் ஆலன் லெஷ்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதனால் சிறைக்குப் போக வேண்டியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அது பெரிய நன்மை. ஆனால் மற்ற மூளை நோய்கள் பரிசுச் சீட்டுக்கோ ஐயப்ப மாலைக்கோ அடங்குவதில்லையே என்று கேட்பவர்களும் விஞ்ஞானிகள்தான். எனக்குத் தெரிந்த வரை, குடிக்கத் தோன்றுவது அவர் கையில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருவது, மாத்திரை போடுவது, சம்பளத்தை வீட்டில் கொடுப்பது, கையை ஓங்காமல் இருப்பது ஆகியவற்றில் பெரும்பகுதி அவர் கையில்தான் இருக்கிறது. அவர் போலீஸ்காரரைக் கண்டால் கையை இறக்கிவிடுகிறார், உங்களிடம் மட்டும்தான் ஓங்குகிறார் என்றால் அதை மூளையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அடி விழுந்தால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். குடிக்குச் சிகிச்சை தனி, இது தனி.

"எல்லாம் சரிதாண்ணே. இன்னைக்கு ராத்திரி அவிய வருவாவல்லா, நான் என்ன பேசணும்?"

இன்றைக்கு ஒன்றும் பேசாதீர்கள். போதையில் இருப்பவரிடம் சொன்னது காலையில் அவருக்கு நினைவிருக்காது, உங்களுக்குத்தான் இருக்கும். சோறு மூடி வைத்திருந்தால் போதும், எடுத்துப் போட்டு மன்றாட வேண்டாம். வாந்தி எடுத்த இடத்தை அவர் எழும் முன் கழுவி வைக்காதீர்கள். காலையில் அவர் கண்ணால் பார்க்கட்டும். முதலாளிக்கு 'காய்ச்சல்' என்று நீங்கள் போன் செய்ய வேண்டாம். மயங்கிக் கிடந்தால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அவர் குடிக்காத ஒரு நேரம் வரும். பெரும்பாலும் காலையில், தலைவலியோடு, கொஞ்சம் வெட்கத்தோடு. அப்போது சின்னதாக ஒன்று கேளுங்கள்: "திங்கக்கிழம ஆசாரிப்பள்ளம் போவமா, நானும் வாறேன்." குடும்பத்தாருக்கு இப்படிப் பேசப் பயிற்சி கொடுக்கும் ஒரு முறையை ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். 1999இல் வந்த சோதனையில், அந்தப் பயிற்சி எடுத்த குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, வரவே மாட்டேன் என்றவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தன. நேருக்கு நேர் மடக்கிக் குற்றம் சொல்லும் முறையில் அதில் பாதிகூட இல்லை. போதை மீட்பு உதவி எண்ணான 14446க்கு முன்கூட்டியே போன் செய்து என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையை எடுத்துத் தனியாக வையுங்கள். சரி என்று அவர் சொல்லும் காலையில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.